வெள்ளிக்கிழமை ஆய்வகம்

"டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது.

டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியன் வேலை. வருகிறவரை எடை பார்த்துப் படுக்க வைத்து, கையில் இரண்டு ஊசி குத்தி, குழாய்களை மாட்டி, இயந்திரத்தை ஓடவிட வேண்டும். அதன்பிறகு நாலு மணி நேரம் அவருடைய ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருக்கும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா படுத்திருக்க வேண்டும். உடம்பு சும்மா கிடந்தால் வாய் சும்மா இருக்குமா? "ஒரு துண்டு பழம் சாப்பிட்டா என்னம்மா ஆகும்?" "தாகத்துக்கு ஐஸ் கட்டி சப்பலாம்னு பக்கத்து பெட்டுக்காரர் சொல்றாரே, நெஜமா?" டாக்டர் வருவார், ரிப்போர்ட்டைப் பார்ப்பார், "உப்பைக் குறைங்க, தண்ணியைக் குறைங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். மிச்சக் கேள்வியெல்லாம் இவள் தலையில் விழும். இவளுக்குப் பதில் பாதி தெரியும். பாதி தெரிந்ததைச் சொல்லி ஒருவர் உயிரோடு விளையாட முடியுமா? அதனால்தான் அந்த "டாக்டரைக் கேளுங்க."

தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் அங்கே வந்துகொண்டிருந்தார். எதைச் சாப்பிட்டாலும் தப்பு என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். பயத்தில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்து, கடைசியில் எலும்பும் தோலுமாகிவிட்டார். நோய் அவரைக் கொண்டுபோகவில்லை, பட்டினிதான் கொண்டுபோனது. அந்தக் கட்டிலுக்கு உறை மாற்றிய அன்றைக்குத்தான் அவளுக்குள் அந்த ஆசை முளைத்தது. சத்துணவியலில் முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும். கேட்கிறவருக்கு நேராக முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஆசைப்பட்டால் போதுமா? கல்லூரிக்காரர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் முன்பு வாங்கியிருந்த பட்டம் வரலாறு. ராஜாக்கள் யாரும் சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. முதலில் நாலு முன்தகுதிப் பாடங்களை முடித்துக்கொண்டு வா என்றார்கள். புள்ளியியல், உடலியங்கியல், சத்துணவு அடிப்படைகள், கடைசியாக ஆய்வகத்தோடு சேர்ந்த உயிர்வேதியியல். நாலும் முடிந்த பிறகுதான் விண்ணப்பம். அதிலும் எந்தப் பாடமும் ஐந்து வருஷத்துக்கு மேல் பழசாகியிருக்கக் கூடாதாம். பாலுக்கு மட்டுமில்லை, பாடத்துக்கும் கெடு தேதி உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலையை விட்டுவிட்டுப் படிக்க அவள் வீட்டில் பணம் மரத்திலா காய்க்கிறது? கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாலாம் வகுப்பில் ஒரு மகள். ஒரு நேரத்தில் ஒரு பாடம்தான், அதுவும் மாலை வகுப்பு கிடைத்தால்தான் உண்டு. புள்ளியியலில் முதல் தடவை மண்ணைக் கவ்வி, இரண்டாம் தடவை தப்பித்தாள். நடுவில் மாமனார் படுத்த படுக்கையாகி ஒரு வருஷம் புத்தகத்தையே தொடவில்லை. அதற்கப்புறம் மறுபடியும் உட்கார்ந்து மற்ற இரண்டையும் முடித்தாள். தம்பி அவளை "பாதி டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தான். "வாங்க பாதி டாக்டர், மீதி எப்போ?" என்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கிண்டல் செய்கிறவன் பக்கத்தில்தானே நிற்கிறான் என்று நினைத்தாள்.

கணவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்கக் கூடாது. வகுப்பு நாட்களில் சமையல் அவர்தான். மகளுக்குத் தலை பின்னுவதைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் ஒரு பின்னல் காதுக்கு மேலும் இன்னொன்று தோளிலுமாக அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனது, ஆனாலும் போனது. மையத்தில் மற்ற பெண்கள், "உனக்கு வாய்ச்ச மாதிரி எங்களுக்கு வாய்க்கலியே" என்று பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இனி தம்பி மனைவி. அந்த மையத்தில் தம்பி மனைவிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நாத்தனாரான இவள்தான். ஊசி குத்தக் கை நடுங்கியபோது தன் கையை நீட்டி, "என் மேல குத்திப் பழகு, நான் கத்த மாட்டேன்" என்றவளும் இவள்தான். மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. டெக்னீஷியன்கள் இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருவருக்கு வேலை இருந்தால் ஜோடிதான் வந்து நிற்க வேண்டும். ஓடுகிற இயந்திரத்தை ஜோடியின் கையில் ஒப்படைக்காமல் யாரும் அறையை விட்டு நகரக் கூடாது. இவளும் தம்பி மனைவியும் ஜோடி. இவள் காலை ஷிப்ட், அவள் மத்தியானத்துக்கு மேல். வீட்டு ஆட்களே ஜோடியாக இருந்தால் தொல்லை இல்லை என்று இன்சார்ஜ் சாருக்குப் பரம திருப்தி.

"அண்ணி, நீங்க படிக்கிறதைப் பார்த்தா எனக்கும் ஆசையா இருக்கு" என்று ஒரு நாள் அவள் சொன்னபோது இவளுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார ஆள் கிடைத்துவிட்டதே! தம்பி மனைவி அறிவியல் பட்டம் படித்தவள். அவளுக்குப் பாக்கி இருந்தது உயிர்வேதியியல் ஒன்றுதான். அந்த ஆய்வகமோ வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும்தான். மாலையில் கிடையாது. ஜோடியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போக முடியாது. அப்போது இவளுக்கு உடலியங்கியல் இன்னும் முடிந்திருக்கவில்லை. "நீ முதல்ல முடிச்சுடு. அடுத்த வருஷம் நான். நீ எனக்கு நில்லு" என்றாள்.

"கண்டிப்பா அண்ணி. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே அப்ளை பண்ணுவோம். நீங்க இல்லாம நான் மட்டும் போகவே மாட்டேன்."

இதை யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

அந்த வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவள் விடிகாலையில் போனால், தம்பி மனைவியின் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்து, மாலை மங்கும் வரை நின்றாள். கால் வீங்கிச் செருப்பு நுழையாது. தம்பி மனைவி ஆய்வகத்திலிருந்து கை கழுவின சோப்பு வாசனையோடு திரும்பி வந்து, அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று சொல்லும்போது இவளுக்குக் கால் வலி மறந்துபோகும். அவள் தேறினாள். அன்றைக்கு இவள்தான் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தாள்.

பிறகு இவளுடைய முறை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் விடிகாலையில் வந்து முதல் அணி நோயாளிகளை மாட்டிவிட வேண்டும். தம்பி மனைவி குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வருவாள். இயந்திரங்களை அவளிடம் ஒப்படைத்துவிட்டு இவள் பஸ் பிடித்து ஆய்வகத்துக்கு ஓட வேண்டும். முடிந்ததும் திரும்பி வந்து அவளுடைய மாலை வேலையையும் இவளே பார்ப்பாள். இரண்டு முனையிலும் வேலைதான், ஆனால் நடுவில் அந்த மூன்று மணி நேரம் இருந்தது. வகுப்பில் சின்னப் பிள்ளைகள் அவளை முதலில் மேடம் என்றார்கள், பிறகு ஆன்ட்டி என்றார்கள், ஒரு சோதனைக் குழாயை இவள் கீழே போட்டு உடைத்த பிறகு அக்கா என்றார்கள். சிறுநீரைச் சூடாக்கினால் அதில் இருக்கிற புரதம் வெள்ளையாகத் திரளும். குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அதைப் பார்த்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வருஷக்கணக்காக ரிப்போர்ட்டில் வெறும் எண்ணாகப் பார்த்தது அன்றைக்குக் கண் முன்னால் நின்றது.

ஆய்வக ஆசிரியை முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். மூன்று நாள் வராவிட்டால் பெயர் எடுபட்டுவிடும், காரணம் எதுவானாலும் சரி. முதல் நாள் போனது மையத்துத் தண்ணீர்ச் சுத்திகரிப்பு எந்திரம் பழுதானதால். அன்றைக்கு யாரையும் வெளியே விடவில்லை. இரண்டாவது நாள் மகள் பள்ளியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பெற்றவள் மாவுக்கட்டு போடும் இடத்தில்தானே இருக்க வேண்டும்? இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவள் வாய்விட்டுச் சொன்னாள்:

"இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை போச்சுன்னா நான் அவ்வளவுதான். இந்த டெர்ம் விட்டா புள்ளியியல் காலாவதி. மறுபடியும் ஆனா ஆவன்னாலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அதெல்லாம் போகாதுக்கா" என்றான் தம்பி. தம்பி மனைவி குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கணவர், "நான் இருக்கேன், பார்த்துக்கலாம்" என்றார். அம்மா, "சாப்பிடு முதல்ல" என்றாள்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கணவர்தான் பைக்கில் கொண்டுவந்து மையத்து வாசலில் இறக்கிவிட்டார். "நல்லா பண்ணு" என்றார். நாலு பேரை மாட்டினாள். ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் படுத்திருந்தார். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். "என்னம்மா, இன்னைக்கு வண்டி காலேஜ் ரூட்டா?" என்று கேட்டார். ஒன்பதரை ஆயிற்று. தம்பி மனைவி வரவில்லை. குழந்தை அடம் பிடித்திருக்கும் என்று நினைத்தாள். போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தது. தம்பிக்குச் செய்தாள், எடுக்கவில்லை.

இன்சார்ஜ் சாரிடம் ஓடினாள். "ஆள் இல்லாம எப்படிம்மா விடறது? நாலு பேர் ரத்தம் வெளியில ஓடிக்கிட்டிருக்கு" என்றார். அதுவும் நியாயம்தான். மையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிற தாடிக்காரர் நினைவு வந்தது. பல வருஷ அனுபவம் உள்ள டெக்னீஷியன், அன்றைக்கு அவருக்கு விடுமுறை. போனில் பிடித்தாள். அவர் தன் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துக்கொண்டு எங்கேயோ தூரத்தில் காரில் போய்க்கொண்டிருந்தார்.

"அடடா, நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நாளைக்குன்னு தள்ளிப் போட்டிருப்பேனே. எனக்கு ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா போதுமே!"

"எனக்கே இப்பதாண்ணே தெரியும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து டிரைவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. காலைத் தூக்கி வைத்து, சலைன் விட்டு, அவர் பக்கத்திலேயே நின்றாள். அவர் கண்ணைத் திறந்து, "நீ போம்மா, லேட்டாகுது" என்றார். எங்கே போவது? சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டிவிட்டது.

மதியம் நாலு பேரையும் கழற்றி அனுப்பிவிட்டு ஆசிரியையைப் போய்ப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணு பண்ணினா எல்லாருக்கும் பண்ணணும். வேற வழியில்லம்மா." வெளியே வந்து, படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு தம்பி மனைவியின் மாலை வேலையைப் பார்க்கப் போனாள். அதுதானே ஒப்பந்தம்?

சாயங்காலம் தம்பி மனைவி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. "எங்கம்மா காலையில தலை சுத்தி விழுந்துட்டாங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போன்ல சார்ஜ் இல்ல. என்னை மன்னிச்சுடுங்க அண்ணி." விசும்பினாள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? அவளைத் தேற்றினாள். "பைத்தியம், அம்மாவை விடவா லேப் பெரிசு? நீ அழாதே" என்றாள். மறுநாள் சமைத்து, டப்பாவில் போட்டு, கணவரிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாக்காரி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "பரவால்ல" என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். டிரைவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"இதை நான் திங்கலாமா கூடாதான்னு உன்னைக் கேட்டுட்டுத் திங்கலாம்னு வெச்சிருக்கேன். நேத்து சாயங்காலம் உன் தம்பி சம்சாரம் குடுத்துச்சு. காலேஜ்ல சீட்டு கெடச்சிருச்சாமே! இனிமே எங்க சாப்பாட்டுக்கெல்லாம் அதுதான் டாக்டராம். உனக்கு எத்தனை சாக்லேட் குடுத்துச்சு?"

ஊசி சரியாகத்தான் இறங்கியது. பழகின கை, அது பாட்டுக்கு வேலை செய்தது. "எந்தக் காலேஜாம்?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அதே கல்லூரி, அதே படிப்பு. "எனக்கு பிரஷர் இறங்கி நீ பக்கத்துலயே நின்னியே, அன்னைக்குத்தான் இன்டர்வியூவுக்குப் போச்சாமே? சொல்லிச் சிரிச்சுச்சு, 'நீங்க என் அண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டீங்க'ன்னு." கிழவருக்குத் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது. இவள் முகத்தைப் பார்த்தபின், "நான் ஏதாவது ஒளறிட்டேனாம்மா?" என்றார்.

"இல்ல. சாக்லேட் வேண்டாம், அதுல பாஸ்பரஸ் ஜாஸ்தி" என்றாள். அன்றைக்கு அவள் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லவில்லை.

சேர்ந்தே போடுவோம் என்றவள் தனியாக விண்ணப்பம் போட்டதைக்கூட விடுங்கள். அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, எத்தனை நாள்தான் காத்திருப்பாள்? இவளே "போய் வா" என்று அனுப்பியிருப்பாள், மனம் கொஞ்சம் சுருங்கினாலும் அனுப்பியிருப்பாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தான் வரப்போவதில்லை என்று முதல் நாள் ஒரு வார்த்தை! தாடிக்காரர் வந்து நின்றிருப்பார். அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு, நல்லா இருக்கிற தாயைத் தலை சுற்றி விழ வைத்தாள். அதற்கு இவள் சோறு சமைத்து அனுப்பினாளே!

மத்தியானம் தம்பி மனைவி ஷிப்டுக்கு வந்தாள். இவள் கேட்டாள், மறைக்கவில்லை. அவளும் மறைக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தாங்க அண்ணி. ஒன்பதரைக்குள்ள ஓடி வந்துடலாம்னு நெனச்சேன். சத்தியமா. வரிசை நீண்டுக்கிட்டே போச்சு, போனை வாங்கி வெச்சுட்டாங்க."

"முதல் நாள் ஏன் சொல்லல?"

"உங்களுக்கு முன்னாடி நான் போறேன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அண்ணி சொல்றது?"

"இப்ப எந்த முகம் வெச்சிருக்கே?"

அவள் அழுதாள். இவளுக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பொறுக்கவில்லை, ஆனால் முன்போலத் தோளைத் தொடவும் கை வரவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருவர் மாட்டிய குழாயை இன்னொருவர் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் தம்பி மனைவி "சரி அண்ணி" என்றால் இவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அவள் சரி என்ற ஒவ்வொன்றையும் திரும்ப ஒரு தடவை தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

விஷயம் வீட்டுக்குப் போயிற்று. அம்மா போன் செய்து, "ஞாயித்துக்கிழமை வா, உட்கார்ந்து பேசிக்கலாம்" என்றாள். போனார்கள். குழந்தைகள் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தன. அதே சாப்பாட்டு மேசை. தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்றாள், உட்காரவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று தம்பியைக் கேட்டாள்.

"அப்ளை பண்ணினப்பவே தெரியும்க்கா. என் பொண்டாட்டி பண்றது எனக்குத் தெரியாதா?"

அது சரி. அவன் அப்படித்தான் இருப்பான். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கு அந்த வாரம்தான்டி தெரியும். வெள்ளிக்கிழமை காலையில குழந்தையை ஸ்கூல்ல விடணும்னு என்னை வரச் சொன்னா. உனக்குச் சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு…"

"அன்னைக்கு எனக்கு லேப் இருந்ததும் தெரியும்தானே? மூணாவது போச்சுன்னா அவ்வளவுதான்னு இதே இடத்துல உட்கார்ந்து சொன்னேனா இல்லையா?"

அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற எரிச்சல். "நீ வருஷக்கணக்கா எதையாவது சொல்லிக்கிட்டேதானேடி இருக்கே! அவ சின்னவ, அவளுக்குக் காலம் இருக்கு. நீ நெஜமா காலேஜுக்குப் போகப்போறேன்னு யார் நெனச்சா? ஏதோ ஆசைப்படறே, மனசு நோகக் கூடாதுன்னு நாங்களும் சரி சரின்னோம்."

சொன்ன பிறகு அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி மேசையைப் பார்த்தான். படிக்கிறாள், படிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டது, கேலி செய்தது, பரீட்சை எப்படி என்று விசாரித்தது எல்லாம் குழந்தை கொடுக்கிற பொம்மைக் கோப்பையில் டீ குடிப்பதுபோலச் செய்த காரியம். அவள் மட்டும்தான் அதை நிஜம் என்று நம்பியிருக்கிறாள்.

தன் பக்கத்துக்கு ஒருவராவது உண்டல்லவா? கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா இவங்க பேசறதை?"

அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் வாயைத் திறந்தால் பதிலுக்குப் பதில் கொடுக்கிற மனிதர் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, உங்களுக்கும் தெரியுமா?"

"முந்தின நாள் ராத்திரி உன் தம்பி போன் பண்ணினான்" என்றார், பாட்டிலைப் பார்த்தபடியே. "ஒன்பதரைக்குள்ள வந்துடுவா, சொல்லிக் குழப்ப வேண்டாம்னான்."

முந்தின நாள் ராத்திரி! அதே மனிதர் விடிகாலையில் எழுப்பிவிட்டார், பைக்கை வெளியே எடுத்தார், வாசலில் இறக்கிவிட்டு "நல்லா பண்ணு" என்றார். தெரிந்துகொண்டே சொன்னார். மறுநாள் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாரே, அதுவும் தெரிந்துதான். அவள் எழுந்தாள். மகளைக் கூப்பிட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் மகள் தூங்கப் போனபின் அவராகவே ஆரம்பித்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். அவ நேரத்துக்கு வரலேன்னா என்னன்னு யோசிச்சேன். வரலேன்னா வரலேன்னு தோணிச்சு. எனக்கும் சலிச்சுப்போச்சு. அஞ்சு வருஷமா நம்ம வீட்ல ஒரு ஞாயித்துக்கிழமை உண்டா? இதோட முடிஞ்சா நீயும் கொஞ்சம் வீட்ல இருப்பேன்னு… தப்புதான்."

"சலிச்சுப்போச்சுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே? சண்டை போட்டிருப்பேன். நாலு நாள் பேசாம இருந்திருப்பேன். அது எவ்வளவோ தேவலை."

"சரி விடு. அடுத்த வருஷம் மறுபடியும் சேர்ந்துக்கோ. நான் கூட இருக்கேன்."

"கூட இருக்கீங்கன்னுதான் நானும் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் போய் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். நல்ல மனிதர்தான். இப்போதும் சமைக்கிறார், பின்னல் இப்போது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறது. ஆனால் அவர் "நல்லா பண்ணு" என்று எதற்காவது சொன்னால் அவளுக்கு உடம்பு கூசுகிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வகுப்பு தொடங்குகிற சமயம் இன்சார்ஜ் சார் அவளைக் கூப்பிட்டார். தம்பி மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் கல்லூரி. வேலையையும் விடாமல் படிக்கப் போகிறாள். ஜோடிதான் நிற்க வேண்டும். "உங்க வீட்டு ஆள்தானே. நீங்க பார்த்துப்பீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. சரின்னு போட்டுடட்டுமா?"

நீங்க பார்த்துப்பீங்கன்னு சொல்லுச்சு! அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இன்னமும் அண்ணி பார்த்துக்கொள்வாள் என்றுதான் அந்தப் பெண் நினைக்கிறாள். சாகும்வரை நினைப்பாள்.

"இல்ல சார், எனக்கு முடியாது. ஜோடியை மாத்திக் கொடுங்க."

"வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"எனக்கும் வகுப்பு இருக்கு சார். புள்ளியியல்ல மறுபடியும் சேர்ந்திருக்கேன். அடுத்த வருஷம் வெள்ளிக்கிழமை காலையில லேப் போடுவேன். அதுக்கு இப்பவே ஆள் பார்த்து வெச்சுக்கணும்."

அன்று மாலை தம்பி வந்து, "அவ படிப்பைக் கெடுக்கறியேக்கா" என்று கத்திவிட்டுப் போனான். அம்மா போன் செய்வதை நிறுத்திவிட்டாள். தம்பி மனைவிக்கு வேறு யாரோ கிடைத்தார்கள், அவள் படிப்பு ஒன்றும் கெடவில்லை. கெட வேண்டும் என்று இவள் நினைத்ததும் இல்லை. அந்தக் கட்டில்களில் படுத்திருக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒருத்தியாவது வரட்டுமே.

மறுநாள் தாடிக்காரரைப் பிடித்தாள். அவர் ஊசிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜோடி சேர முடியுமா என்று கேட்டாள். அவருக்கு ஆச்சரியம்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஒரு நாள் முன்னாடி சொன்னா எப்ப வேணும்னாலும் வந்து நிப்பேன். ஆனா வீட்டு ஆளையே பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னைப் போய் எதுக்குக் கேக்கறே?"

"நீங்க எனக்குச் சொந்தம் இல்லையேண்ணே. அதுக்குத்தான்."

தாடிக்காரர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துப் பலமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.